எல்லோரும் விழுந்தவர்கள்

எங்கள் அலுமாரியில் இருந்த அத்தனை பேரும் விழுந்தவர்கள். சைக்கிளில் இருந்து விழுந்தவர், கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர், ஒன்றுமில்லாமல் சும்மா விழுந்தவர். மாடு முட்டியவரும் விழுந்தவர்தான், தும்மும்போது முதுகு பிடித்தவரும் விழுந்தவர்தான். இராணுவக் காவலரணில், சென்றியில், துவக்குப் பிடியால் அடி வாங்கியவரும் விழுந்தவர்தான். யாராவது வெளியூர்க்காரர் அலுமாரியில் இருந்த நோயாளர் அட்டைகளை எடுத்து வாசித்திருந்தால், திருகோணமலையில் நிலமே சரிவாக இருக்கிறது போலும் என்று நினைத்திருப்பார். அவ்வளவையும் எழுதியது நான்தான். என்னுடையது உருண்டையான, யாரும் வாசிக்கக்கூடிய கையெழுத்து.

துறைமுகத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் இருந்தது நான் வேலை செய்த வைத்தியசாலை. நாட்டு வைத்தியரை எங்கள் பக்கத்தில் பரியாரியார் என்போம். இவர் முறிவு நெரிவுப் பரியாரியார். தகப்பன் வழியாக வந்த எலும்பு பொருத்தும் தொழில். இளவயதில் கப்பலில் வேலைக்குப் போய், எங்கோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில் இறங்கி, முதுகெலும்பைக் கையாலேயே நிமிர்த்தும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் சில வருடங்கள் உதவிக்கு நின்றவர். அந்த வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். ஊராரின் நாக்கு அதற்கு வளையவில்லை. ‘நெட்டி முறிக்கிற வைத்தியம்’ என்று சொல்லி அலுவலை முடித்துவிட்டார்கள். பரியாரியாருக்கு அதில் சரியான கோபம். “நெட்டி முறிக்க நான் ஏன்? அவரவர் வீட்டில படுத்துக்கிடந்து முறிக்கலாமே” என்பார்.

அந்த வெள்ளைக்காரரிடமிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, முகத்தைப் புதைக்க ஓட்டை வைத்த நீளக் கட்டில். மற்றது, ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்ற பழக்கம். எங்கள் ஊர் எலும்பு வைத்தியர்களில் வேறு யாரும் ஒரு சொல்லும் எழுதி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இவர் மட்டும் ரப்பர் முத்திரை செய்வித்து வைத்திருந்தார். அட்டையில் அதைக் குத்தினால் முன்பக்கம் தெரிகிற ஒரு மனித உருவமும், முதுகுப்பக்கம் தெரிகிற ஒரு மனித உருவமும் விழும். முகம் கிடையாது. பரியாரியார் கட்டிலில் கிடப்பவரைத் தடவிக்கொண்டே சொல்லச் சொல்ல, நான் அந்த முகமில்லாத மனிதனில் சிவப்பு மையால் புள்ளி வைப்பேன். கீழே என்ன செய்தோம், அடுத்த முறை எதில் கவனம் என்று எழுதுவேன். மேலே பெயர், விலாசம். அதற்கடுத்த வரி, காரணம்.

நான் அதற்கு முன் கப்பல் கொம்பனி ஒன்றின் கந்தோரில் வேலை செய்தவள். யுத்தம் மூண்டு கப்பல்கள் குறைந்ததும் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள். டைப் அடிக்கவும், சிங்களத்தில் கதைக்கவும், மேலே இருப்பவரோடு சண்டை பிடிக்கவும் அங்கேதான் பழகினேன். மூன்றும் பிறகு உதவின. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அட்டை விஷயத்தில் பரியாரியாருக்கு ஒரு சட்டம் இருந்தது. அட்டை, வந்த ஆளுடையது. நாங்கள் அதற்குக் காவல் மட்டும்தான். அந்த ஆளைக் கேட்காமல் வேறு யாருக்கும் காட்டக்கூடாது. ஊரை விட்டுப் போகிறவர் கேட்டால் மறுபேச்சில்லாமல் கையில் கொடுத்துவிட வேண்டும், போகிற இடத்து வைத்தியர் முதலிலிருந்து பிசைந்து நோகடிக்காமல் இருப்பதற்காக. அந்த வருடங்களில் ஊரை விட்டுப் போகாதவர் யார்? பஸ் வெளியே நிற்க, கையில் மூட்டையோடு ஓடி வந்து “என்ர முதுகைத் தாங்கோ பிள்ளை” என்று கேட்பார்கள். குச்சவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மனுசி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு தன்னுடைய அட்டையையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறினாள். அங்கே அகதி முகாமுக்கு வந்த டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, “உங்கள் ஊரில் இவ்வளவு வடிவாக எழுதுவார்களா?” என்று கேட்டாராம். அந்தக் கதை என் காதுக்கு வந்த அன்று எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

இனி, விழுந்த கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் காரணம் என்ற இடத்தில் உள்ளதைத்தான் எழுதினேன். ஒருநாள் சீருடை போட்ட இருவர் முழங்கால் நோவென்று வந்தார்கள். பரியாரியார் ஒருவரின் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் என் மேசையில் கிடந்த அட்டையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. சென்றியில் அடித்ததால் விலாவில் நோவு என்று ஒரு பொடியனின் அட்டையில் எழுதியிருந்தேன். அன்று பின்னேரமே அந்தப் பொடியனின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. யார் அடித்தது, யாரிடம் சொன்னாய் என்று அவனைப் போட்டு உலுக்கி எடுத்தார்கள். அடுத்த கிழமையே தாய் அவனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாள்.

பரியாரியார் மறுநாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, இனி எல்லாருக்கும் விழுந்தது எண்டு போடுங்கோ.”

“எல்லாருக்குமா?”

“ஓம். ஒருத்தருக்கு உண்மை, ஒருத்தருக்குப் பொய் எண்டால் பொய் எது எண்டு தெரிஞ்சு போடும். எல்லாருக்கும் ஒண்டு.”

“நான் பொய் எழுதிற ஆளில்லை, ஐயா.”

“இந்தக் காலத்தில ஆர் விழாமல் நிக்கினம்? எழுதுங்கோ.”

எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். சனம் அதைப் பகிடியாக்கிவிட்டது. “எங்கை, இண்டைக்கு எத்தினை பேரை விழுத்தினீங்கள்?” என்று வாசலிலேயே கேட்பார்கள்.

பகிடியாக எடுக்காதவர் ஒருவர்தான். அன்புவழிபுரத்திலிருந்து புருசனைக் கூட்டி வந்த ஒரு பெண். புருசன் துறைமுகத்தில் நாட்டாமை. மூட்டை சுமப்பவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மா மூட்டையும் சீமெந்துப் பையும் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கி, காறை எலும்புக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு எழும்பி, மேல் தோல் காய்த்துப் போயிருந்தது. மனுசன் வாய் திறந்து இரண்டு சொல் பேசாத ஆள். மனுசி அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். அட்டையை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு எகிறினாள்.

“என்ன இது? விழுந்ததா? ஆர் விழுந்தது? தவறணையில குடிச்சுப்போட்டு விழுந்தவர் எண்டு சனம் நினைக்கவோ? என்ர மனுசன் குடிக்கிறவர் இல்லை. ஒரு மூட்டையைக் கூட நிலத்தில போடாத ஆள். மாத்தி எழுதுங்கோ!”

“அக்கா, எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதிறது.”

“எல்லாரும் விழட்டும். இவர் விழேல்லை.”

எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. ஆனாலும் மாற்றவில்லை. பரியாரியார் அறைக்குள்ளிருந்து தொண்டையைச் செருமினார். அவள் என்னை முறைத்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் புருசனைக் கூட்டி வரும்போது “இவர் விழேல்லை” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள்.

பிறகு ஒரு காலை இராணுவத்தினர் அன்புவழிபுரத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் பாடசாலை மைதானத்தில் இருத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கை, முழங்கால், தோள் என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆயுத இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் முழங்கையில் தழும்பு இருக்கும், துவக்குப் பிடித்தவன் தோளில் காய்ப்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நாட்டாமையின் வலது தோளைப் பார்த்ததும் எழுப்பி, ட்ரக்கில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மனுசி எங்களிடம் ஓடி வந்தாள். தலை கலைந்து கிடந்தது.

“அவற்ற அட்டையைத் தாங்கோ தங்கச்சி. இவர் எத்தினை வருசமாத் தோளுக்கு வைத்தியம் செய்யிறார் எண்டு அதில கிடக்குத்தானே. அதைக் காட்டினால் விட்டிடுவாங்கள்.”

அந்த அட்டை ஆளைக் காப்பாற்றும் என்று நானும் நம்பினேன். எடுத்துக் கொடுத்தேன். கொண்டு ஓடினாள். பின்னேரம் திரும்பி வந்து, என் மேசையில் அதை எறிந்தாள்.

“உங்கட விழுந்தது!” என்றாள். அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

நடந்தது இதுதான். உள்ளே மனுசனைக் கேட்டிருக்கிறார்கள். மூட்டை தூக்கியதால் வந்த தோள் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். வாசலில் மனுசியும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். தமிழ் தெரிந்த ஒருவர் அட்டையை வாசித்திருக்கிறார். அதில் விழுந்தது என்று கிடக்கிறது. அப்படியென்றால் இருவரும் சேர்ந்து கட்டிய கதைதானே என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். அட்டை போகாமல் இருந்திருந்தால் வெறும் சந்தேகம். அட்டை போனதால் பொய்க்காரன் என்ற பட்டமும் சேர்ந்துவிட்டது. ஊரைக் காப்பாற்ற என்று எழுதிய ஒரு சொல், ஒருவனை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டது. பரியாரியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை மூவரும் முகாம் வாசலுக்குப் போனோம். பரியாரியாருக்குச் சிங்களம் வராது, அதனால் கதை முழுவதும் என்னுடையது. வந்த அதிகாரி இளம் ஆள். குரலை உயர்த்தவே இல்லை. என்னை நோனா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

நாட்டாமைகள் எல்லோருக்கும் இதே தோள்தான், துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன்.

“அப்படியா? அவர்களும் உங்களிடம்தானே வைத்தியத்துக்கு வருவார்கள்? அவர்களுடைய அட்டைகளைக் கொண்டு வாருங்கள், ஒத்துப் பார்க்கலாம்.”

“கொண்டு வரலாம்.”

“ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டாம் நோனா. அலுமாரியில் இருப்பதெல்லாம் வரட்டும். நானே தேடிப் பார்க்கிறேன். அலுமாரி வந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.”

அந்த அலுமாரியில் ஊரில் பாதிப் பேரின் பெயர், விலாசம் இருந்தது. எந்த வீட்டில் யாருக்குத் தோளில் குறை, யாருக்கு முழங்காலில் குறை என்பது என் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. தோளைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறவர்களுக்கு அதை விட வேறென்ன வேண்டும்? சுற்றி வளைக்கவே தேவையில்லை. கதிரையில் இருந்துகொண்டே வீடு வீடாக ஆள் அனுப்பலாம்.

“என்ன சொல்லுறான்?” என்று மனுசி என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

“அப்ப குடுங்கோவன்!” என்றாள். “குடுங்கோ தங்கச்சி. கடதாசிதானே! கடதாசிக்கு உயிரா இருக்கு? என்ர மனுசனுக்கு உயிர் இருக்கு!”

“அக்கா, அதில கிடக்கிறதும் மனுசர்தான். இவரை வெளியில எடுக்க எத்தினை பேரை உள்ளுக்க அனுப்பிறது?”

“ஐயோ, மற்றாக்களைப் பற்றி எனக்கென்ன! நீ நல்லாயிருக்கமாட்டாய்!” என்று நடுரோட்டில் நின்று மண்ணை அள்ளித் தூற்றினாள். அவளில் பிழை இல்லை. என் வீட்டு ஆள் உள்ளே இருந்திருந்தால் நானும் அலுமாரியை முதுகில் சுமந்துகொண்டு ஓடியிருப்பேன்.

வைத்தியசாலைக்கு வந்து குசினிக்குள் போய் நின்று அழுதேன். எண்ணெய் காய்ச்சுகிற அடுப்புக்கு முன்னால் நின்று அழுவதில் ஒரு வசதி, புகை என்று சொல்லலாம். அழுது முடிய ஆத்திரம் வந்தது. என்ன நினைத்துக்கொண்டான் அவன்? எங்கள் கையாலேயே எங்கள் சனத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல்கிறான், அதையும் நோனா நோனா என்று மரியாதையாகச் சொல்கிறான். மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்தேன்.

“ஐயா, அட்டை வந்த ஆளுடையது எண்டு சொல்லுவீங்கள் எல்லோ?”

“ஓம்.”

“அப்ப அந்த ஆளே தன்ர அட்டையைக் காட்டலாம்தானே?”

பரியாரியார் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். பிறகு தானே அலுமாரியைத் திறந்து, நாட்டாமைகளின் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார்.

துறைமுக வாசலில் அவர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போய்ச் சேர்ந்தேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் கலந்த கூட்டம் அது. மூட்டை எல்லோருக்கும் ஒரே பாரம். அவர்களில் மூத்தவர் ஒரு சிங்களவர். சின்ன வயதிலேயே துறைமுகத்துக்கு வந்து, தமிழை எங்களைப் போலவே பேசுகிறவர். என்னை எப்போதும் நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல்.

“எல்லாரையும் விழுத்துற நங்கி வந்திட்டா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்தினார்.

நடந்ததைச் சொன்னேன். அவரவர் அட்டையை அவரவர் கையில் கொடுத்தேன். “இது உங்கட சாமான். இதைக் கொண்டு நாளைக்கு முகாம் வாசலுக்கு வாறதும் விடுறதும் உங்கட விருப்பம். வராட்டில் நான் கோவிக்கமாட்டன்” என்றேன். கோபிக்கமாட்டேன் என்றது பொய். சிலர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அட்டையை மடியில் சொருகினார்கள். பிள்ளைகுட்டிக்காரர், வேறென்ன செய்வார்கள். மூத்தவர் மட்டும் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கப்பல் வந்து நிக்குது நங்கி, தெரியுமா? நாளைக்கு இறக்க வேணும். அதில அந்த முகாமுக்குப் போற அரிசியும் கிடக்கு” என்றார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம். வெயில் தலையைப் பிளந்தது. முகாம் வாசலில் நான், பரியாரியார், சற்றுத் தள்ளி மனுசி. என்னோடு கதைக்காமல் நின்றாள். யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம் துறைமுகப் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். ஒரு பத்துப் பதினைந்து பேர் இருக்கும். முன்னால் அந்தச் சிங்கள அண்ணை. வாசலுக்கு முன்னால் வரிசையாக நின்று, யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றினார்கள். ஒரு கையில் சட்டை, மறு கையில் அட்டை. எல்லா வலது தோளிலும் அதே முடிச்சு, அதே காய்ப்பு. காவலுக்கு நின்ற பொடியன் துவக்கை நீட்டினான். ஒருவரும் அசையவில்லை. எனக்குக் கை கால் எல்லாம் உதறியது, ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் உதறியதே இல்லை.

அதிகாரி வெளியே வந்தார். முதலாவது தோளை விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. மூத்தவரிடம் வந்ததும் அவர் சிங்களத்தில் தொடங்கினார்.

“மாத்தயா, என் தோளையும் பாருங்கள். நான் எந்த இயக்கத்தில் பயிற்சி எடுத்தேன் என்று சொல்லுங்கள்.”

அதிகாரி அந்தத் தோளையும் விரலால் அழுத்தினார்.

“கப்பலில் உங்கள் அரிசியும் கிடக்கிறது. அதை இறக்குகிறதும் இந்தத் தோள்தான். உள்ளே இருப்பவனும் வந்தால் கெதியாக இறக்கலாம். அவன் வரும்வரைக்கும் எங்களுக்கும் தோள் நோகும்.”

அதிகாரி அட்டைகளை வாங்கி, தமிழ் தெரிந்த ஆளிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். விழுந்தது. விழுந்தது. விழுந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“இவர்கள் எல்லோரும் விழுந்தார்களா நோனா?”

“இல்லை. ஒருவரும் விழவில்லை” என்றேன். “உள்ளதை எழுதினால் நீங்கள் வீட்டுக்கு ஜீப் அனுப்புகிறீர்கள். அதனால்தான் அப்படி எழுதினோம். எழுத வைத்தது நீங்கள். இப்போது எழுதியது பொய் என்று ஆளைப் பிடித்து வைத்திருப்பதும் நீங்கள்.”

பரியாரியாருக்குச் சிங்களம் விளங்காவிட்டாலும் என் குரல் விளங்கியது. என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

“அலுமாரி எங்கே?” என்றார் அதிகாரி.

“அட்டை அவரவருடையது, அது வராது. அலுமாரி எங்களுடையது. வேண்டுமென்றால் ஆள் அனுப்பி அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போங்கள்.”

அவர் என்னை நோக்கி ஓரடி வைத்தவர், வரிசையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். அன்று நான் வீடு திரும்பியது அந்தச் சட்டையில்லாத ஆட்களால்தான். அட்டைகளை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க வைத்து, விசாரணை முடிந்ததும் விடுவோம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது, அலுமாரியைப் பார்க்க வருவேன் என்றும் சொன்னார்.

நாங்கள் நேரே வைத்தியசாலைக்கு வந்து எல்லா அட்டைகளையும் கட்டிலில் கொட்டினோம். தெருத்தெருவாகப் பிரித்து ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினோம். குச்சவெளிக்காரருடையவை பஸ் கொண்டக்டரின் பையில் போயின. ஈச்சிலம்பற்றுக்காரருடையவை மீன் பெட்டிக்குள் போயின. அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நிலைப்படியில் ஒரு நிழல் விழுந்தது. மனுசி நின்றாள்.

“அன்புவழிபுரத்து ஆக்களின்ர அட்டைகளைத் தாங்கோ. நான் குடுக்கிறன்” என்றாள்.

“அக்கா, அலுமாரி வெறுமையாக் கிடந்தால் அவன் கோவத்தில உங்கட மனுசனை விடாமலும் விடலாம்.”

“தெரியும்” என்றாள். “இண்டைக்கு அந்த வாசல்ல எனக்காக வந்து சட்டையைக் கழட்டி நிண்டதுகள் ஆரோ பொம்பிளையளின்ர புருசன்மார். இனி எப்பிடி அதுகளைக் குடுக்கச் சொல்லுறது? தாங்கோ கெதியா.” கூடையை நீட்டினாள். அட்டைகளை அடுக்கி, மேலே வல்லாரைக் கீரையைப் பரப்பிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையே வந்தார்கள். அலுமாரிக்குள் இரண்டு எண்ணெய்ப் போத்தலும் கட்டுத் துணியும் ரப்பர் முத்திரையும் இருந்தன. அலுமாரியைக் குப்புறத் தள்ளினார்கள், கண்ணாடி நொறுங்கியது. பரியாரியாரின் கன்னத்தில் ஒரு அறை. எனக்கும் ஒன்று கிடைத்தது. “அட்டைகள் எங்கே?” என்றார்கள். “ஆட்களிடம்” என்றேன். “எந்த ஆட்களிடம்?” என்றார்கள். “எழுதி வைக்கவில்லை” என்றேன். காது இரைந்துகொண்டிருந்தது, ஆனாலும் அந்தப் பதிலை நினைக்க இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

பிறகு காத்திருப்பு. நாட்டாமைகள் தோள் கொடுக்காததால் கப்பலில் மூட்டைகள், முகாம் அரிசியும் சேர்த்து, இறங்காமல் கிடந்தன. எங்களால்தான் மனுசனை விடவில்லையோ என்று நான் சோறு தின்னாமல் கிடந்தேன். மனுசி தினமும் வந்து, நோயாளர் இருக்கிற வாங்கில் குந்திவிட்டுப் போவாள். ஒருநாள் அவள் தனியாக வரவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி புருசனும் வந்தார்.

பரியாரியார் அவரைக் கட்டிலில் இருத்திச் சட்டையை வெட்டினார். காறை எலும்பு முறிந்து ஏறிக் கிடந்தது. விலா முழுவதும் கறுத்துக் கன்றியிருந்தது. எலும்பைப் பொருத்தி, மூலிகைப் பத்து வைத்து, கட்டுப் போட்டு முடித்தார். மனுசி தன் சட்டைக்குள்ளிருந்து அவருடைய அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். முகமில்லாத மனிதனில் பரியாரியார் சொன்ன இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி வைக்க வைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகு, காரணம் என்ற வரி. பேனை நின்றுவிட்டது.

“விழுந்தது எண்டே போடுங்கோ தங்கச்சி” என்றார் அவர். அவர் என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. “உங்களுக்கும் ஏன் கரைச்சல்.”

பரியாரியாரைப் பார்த்தேன். “அட்டை அவற்ற. அவர் சொல்லுறதுதான்” என்றார்.

மனுசி புருசனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நீங்கள் விழுந்தனீங்களா?”

அவர் நிலத்தைப் பார்த்தார்.

“கேக்கிறன் எல்லோ. விழுந்தனீங்களா?”

“இல்லை.”

“அப்ப என்ன?”

“அடிச்சவங்கள்” என்றார். சொன்னதும், கட்டுப் போட்ட தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் போனதும் அவரே நிமிர்ந்து, “உள்ளதை எழுதுங்கோ” என்றார்.

முதலில் பழைய வரியில் விழுந்தது என்று நான் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினேன். அதற்கு மேல், மூட்டை சுமந்ததால் என்று எழுதினேன். புதிய வரியில், அடித்ததால் என்று எழுதினேன். வழமையை விடப் பெரிதாக, உருட்டி உருட்டி, கண் தெரியாதவருக்கும் தெரிகிற மாதிரி எழுதினேன். எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை மனுசியிடம் நீட்டினார். அவள் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, இரண்டு வரியையும் சத்தமாக வாசித்தாள். மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

“இப்பதான் இது என்ர மனுசன்ர அட்டை” என்றாள்.